பொங்கல் வாரத்தில் நான் வைத்த பரீட்சை

பத்தாம் வகுப்பு சி பிரிவின் வாசலில், வினாத்தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். உள்ளே முப்பத்தெட்டுப் பேர் இருக்க வேண்டும். பதினொரு பேர்தான் இருந்தார்கள்.

மைசூரின் தை மாதக் காலை. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. காலி பெஞ்சுகளில் நான் சாக்பீஸால் எழுதி வைத்த எண்கள், யாரும் உட்காராததால் அழியாமல் இருந்தன. என் கையெழுத்து அழகானது. இதை முதலிலேயே சொல்லிக்கொள்கிறேன். இந்த வாரம் நான் பெருமையடித்துக்கொள்ள வேறு எதுவும் கிடைக்காது.

தலைமையாசிரியர் என் பின்னால் வந்து நின்று, கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு தலைகளை எண்ணினார்.

"பாத்தீங்களா விஜயா மேடம், இவங்க அக்கறை இவ்வளவுதான்" என்றார் கன்னடத்தில்.

இவங்க என்றால் தமிழ்ப் பிள்ளைகள். வராத இருபத்தேழு பேரும் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். அன்று மாட்டுப் பொங்கல். எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள்.

"ஹௌது சார்" என்று தலையாட்டினேன்.

தலையாட்டியவளும் தமிழச்சிதான். முந்தின நாள்தான் கதவைச் சாத்திக்கொண்டு, குக்கரில் பொங்கல் வைத்து, முதல் விசில் வந்ததும் "பொங்கலோ பொங்கல்" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டவள். பானையில் வைத்தால் பொங்கும்போது சத்தம் போட வேண்டியிருக்குமே என்றுதான் குக்கர். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அந்தப் பரீட்சைக்குத் தேதி குறித்தவளே நான்தான்.

ஊருக்குத் தெரியாத தமிழச்சி

சைக்கிள் கற்றுக்கொள்கிறேன் என்று நான் சாக்கடையில் விழுந்த கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் படித்துவிட்டு, ஈரோட்டு வாசகி ஒருவர், 'உங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி' என்று எழுதியிருக்கிறார். அம்மணி, தயவுசெய்து இந்த வாரத்தையும் படித்துவிட்டு இன்னொரு கடிதம் போடுங்கள்.

எங்கள் குடும்பம் மைசூருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. நான் பள்ளியில் படித்ததெல்லாம் கன்னடம். தமிழ் எழுத்தைக் கற்றதே வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில்தான். கதாநாயகிக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில், ணகர னகரமெல்லாம் தானாக வந்துவிட்டது.

காவிரிக்காக ஊர் கொந்தளித்த வருடம் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் இருந்த தையல்காரர் தன் கடைப் பலகையில் இருந்த தமிழ் எழுத்துகளை மட்டும் தார் பூசி மறைத்தார். அந்தத் தார் வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்கடுத்த ஜூன் மாதம்தான் நான் அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். மண்டி மொஹல்லாவுக்கு அருகில் இருந்த கன்னட வழிப் பள்ளி. பெயர் வேண்டாம், இப்போதும் நடக்கிறது.

சேர்ந்த அன்றே முடிவு செய்துவிட்டேன், பள்ளிக்கூடத்தில் ஒரு சொல் தமிழ் பேசுவதில்லை என்று. யாரும் என்னை அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. விஜயா என்ற பெயர் எந்த மொழிக்கும் பொருந்தும். வேலை விண்ணப்பத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் மட்டும் உண்மையை எழுதியிருந்தேன். அரசாங்கக் காகிதத்தில் பொய் எழுதவும் பயம்.

மற்றபடி என் நடிப்பு பிரமாதம். சங்கராந்திக்கு மற்ற டீச்சர்கள் ஒரு டப்பா எள்ளு பெல்லம் கொண்டுவந்தால் நான் இரண்டு டப்பா கொண்டுபோவேன். எள், வெல்லம், கொப்பரை எல்லாம் பொடிப்பொடியாக நறுக்கி, மைசூரிலேயே என்னுடையதுதான் மிகப் பொடி. கர்நாடகம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்தன்று பாட்டு பாடும்போது என் குரல்தான் முன்னால் நிற்கும். சுருதியில் நிற்கும் என்று சொல்லவில்லை.

எங்கள் பள்ளி சம்ஸ்கிருத மாஸ்டர் மேல்கோட்டை ஐயங்கார். அவர் வீட்டில் பேசுவதும் ஒரு பழைய தமிழ்தான். ஹெட்மாஸ்டர் அறையில் இருந்த போனில் மனைவியிடம் அதைச் சத்தமாகவே பேசுவார். அவரை யாரும் தமிழர் என்று சொன்னதில்லை, அவர் அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. தமிழர் என்று பள்ளியில் சொன்னால் அது சிமெண்டுத் தூசி படிந்த சட்டையோடு வருகிற அப்பாக்களைக் குறிக்கும். எனக்கு அந்த வரிசையில் நிற்கப் பயம். இதை இவ்வளவு நேராகச் சொல்ல எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்து அறை

சி பிரிவு எப்படி வந்தது என்பது ஒரு வேடிக்கை. பல வருடங்களுக்கு முன் அங்கே ஒரு தமிழ் ஆசிரியர் இருந்தாராம். சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி தமிழ் என்று எழுதிய பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்தால் அவருக்கு வசதியாக இருக்கும் என்று அப்படிச் செய்தார்கள். அவர் ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. பிள்ளைகளைப் பிரிக்கிற வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அந்த அறையில் வேறு யாரையாவது போட்டார்கள் என்றால் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தவர்களைத்தான்.

ஒவ்வொரு ஜூனிலும் படிவங்களைப் பார்த்துப் பிரிவு பிரித்துப் பட்டியல் எழுதுவது யார் தெரியுமா? கையெழுத்து அழகாக இருக்கிறவர்.

சயின்ஸ் லேபில் ஸ்டூல் போதாது என்பதால் ஏ, பி பிரிவுக்கு மட்டும் லேப். ஏதாவது ஆசிரியர் லீவு போட்டால் சி பிரிவுக்குப் போக வேண்டிய டீச்சரை ஏ பிரிவுக்கு அனுப்புவோம். சி பிரிவு அந்த நேரத்தில் மைதானத்தில் கல் பொறுக்கும். வருடக் கடைசியில் சி பிரிவின் மதிப்பெண் குறைவாக வரும். பார்த்தாயா, நாம் பிரித்தது சரிதான் என்று எல்லோரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன், டீ குடித்துக்கொண்டே.

அந்த வகுப்பில்தான் சாந்தி இருந்தாள். தர்மபுரிப் பக்கத்துப் பெண். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். அவர்கள் கட்டுகிற வீட்டுக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டுக் குடியிருப்பார்கள். வடிவியல் கணக்கு என்றால் நான் கரும்பலகையில் படத்தை முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். ஏ பிரிவில் இரண்டு பேரைத் தவிர அவளோடு போட்டி போட அந்தப் பள்ளியில் ஆள் கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவள் விடைத்தாளில் அரை மதிப்பெண் குறைத்தே போடுவேன். கூடப் போட்டால், நம்ம ஆள் என்று சலுகை காட்டுகிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால்?

கட்டம் போட்ட சார்ட்

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு முன்னால் ஜனவரியில் பள்ளியிலேயே ஒரு ஆயத்தப் பரீட்சை நடக்கும். தேதி குறிக்கும் வேலையை ஹெட்மாஸ்டர் என்னிடம் கொடுத்தார். இரண்டாவது வாரம் வைக்கலாம், நான்காவது வாரமும் வைக்கலாம், உங்கள் இஷ்டம் என்றார்.

கர்நாடகத்தில் சங்கராந்திக்கு ஒரு நாள் விடுமுறை. தமிழ்க் குடும்பங்களுக்கு அது போதாது என்று எனக்குத் தெரியாதா? மேஸ்திரிகள் வருடத்தில் அந்த ஒரு வாரம்தான் வேலையை நிறுத்துவார்கள். எல்லாக் குடும்பமும் ஒரே லாரியில் ஏறிப் போய், ஒரே லாரியில் திரும்பி வரும். கொட்டகைகளைப் பூட்டிவிடுவார்கள். பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுப் போக இடம் கிடையாது.

நான்காவது வாரம் என்று எழுத ஸ்கேலை வைத்தேன். ஏன் நான்காவது வாரம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். பொங்கல் என்று சொல்ல வேண்டும். உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். இப்படி நானே கேட்டு, நானே பயந்து, இரண்டாவது வாரம் என்று எழுதிவிட்டேன். சங்கராந்தி அன்று ஒரு கட்டத்தைச் சிவப்பு மையில் வரைந்து, ஓரத்தில் ஒரு கரும்பும் வரைந்தேன். சார்ட் அழகாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

இது இரண்டாவது வருடம். அதற்கு முந்தின வருடமும் நான் அப்படித்தான் செய்திருந்தேன்.

நான் எழுதிய கடிதம்

ஆயத்தப் பரீட்சை எழுதாதவர்களைப் பள்ளியின் பெயரில் பெரிய பரீட்சைக்கு அனுப்பினால் தேர்ச்சி விகிதம் கெட்டுப்போகும் என்பது நிர்வாகத்தின் கவலை. அதனால் பெற்றோரிடம் ஒரு கடிதம் வாங்குவோம். 'என் பிள்ளைக்கு ஆயத்தம் போதாததால் இந்த வருடம் பரீட்சைக்கு அனுப்ப வேண்டாம் என்று நானே கேட்டுக்கொள்கிறேன்' என்று இருக்கும். ஸ்டென்சிலில் என் கையெழுத்து. நல்ல உருண்டையான கன்னடம். படிக்கத் தெரியாத அப்பாக்கள்கூட அதைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கைநாட்டு வைப்பார்கள்.

பண்டிகை முடிந்து லாரி திரும்பியது. செவ்வாய்க்கிழமை சாந்தியும் அவள் அம்மாவும் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார்கள். அம்மா கையில் ஒரு துணிப்பை, அதிலிருந்து கரும்புத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அறையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் நான் கன்னடத்திலேயே, பரீட்சைக்கு வராததன் விளைவை விறைப்பாக எடுத்துச் சொன்னேன். கடிதத்தையும் மைப்பெட்டியையும் நகர்த்தி வைத்தேன்.

அந்த அம்மா கடிதத்தைத் தொடவில்லை. தனக்குத் தெரிந்த கன்னடத்தில் ஏதோ சொல்லப் பார்த்தார். அது வராமல் போகவே தமிழில் மகளிடம் சொன்னார். ஏப்ரலோடு இங்கே வேலை முடிகிறது, அடுத்த வேலை மங்களூர்ப் பக்கமாம், இந்த வருடம் எழுதவில்லை என்றால் அவளும் தன்னோடு சட்டி தூக்க வேண்டியதுதான் என்றார். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. கரும்புப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

சாந்தி அதைக் கன்னடத்தில் எனக்கு மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"மிஸ், அம்மா சொன்னது உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்" என்றாள் தமிழில், மிகவும் தாழ்ந்த குரலில்.

நான் புரியாதது போல் முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே அறைய வேண்டும் போல இருக்கிறது.

"நாங்க எட்டாவது படிக்கையில உங்க பக்கத்து வீட்டுக்கு மாடி கட்டுனது எங்கப்பாதான் மிஸ். நீங்க வீட்டுல உங்க சாரைத் திட்டுறது சாரத்துல நிக்கிறவங்களுக்கெல்லாம் கேக்கும். தமிழ்லதான் திட்டுவீங்க."

நான் கடிதத்தின் ஓரத்தை நீவி நேராக்கினேன்.

"கிளாஸ்ல எல்லாத்துக்கும் தெரியும். டீச்சரம்மாவுக்கு ஏதோ கஷ்டம் இருக்கும், வெளிய தெரிஞ்சா வேலைக்கு ஆபத்தாயிடும், யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொன்னாரு. அதான் நாங்க உங்ககிட்டக் கன்னடத்துலயே பேசுறது."

மூன்று வருடம். இருபத்தேழு வீட்டிலும் என் ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் ஊரையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பொடிப்பொடியாகக் கொப்பரை நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த அம்மா பையை மேசைமேல் வைத்தார். "பொங்கக் கரும்புங்க. உங்களுக்குன்னு ஊர்லருந்து கொண்டாந்தது" என்றார். கடிதத்தைக் கிழித்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் செய்தது மைப்பெட்டியை மூடியது மட்டும். நாளைக்கு வரச் சொன்னேன், அதையும் கன்னடத்தில்தான்.

ஹெட்மாஸ்டரின் பீரோ

அவர்கள் போனதும் நேராக ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன் என்று சொன்னால் பொய். முதலில் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு, என்ன பேச வேண்டும் என்று குழாயிடம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன்.

சார், பரீட்சைத் தேதியை நான் தெரிந்தே தப்பாகப் போட்டேன், அது பொங்கல் வாரம், எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் தமிழ்தான் என்றேன். கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு, கூரை இடிந்து விழும் என்று காத்திருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது எனக்குத் தெரியுமே மேடம். உங்க விண்ணப்பம் இந்த பீரோவுலதான் இருக்கு, தாய்மொழி தமிழ்னு நீங்களே எழுதியிருக்கீங்க. தேதி போடுற வேலைய உங்ககிட்டக் கொடுத்ததே அதுக்குத்தான். அந்தப் பிள்ளைங்க பண்டிகை உங்களுக்குத்தான் தெரியும்னு நெனச்சேன். நீங்களே அந்த வாரத்துல போட்டதும், அது ஒண்ணும் பெரிய பண்டிகை இல்ல போலிருக்குன்னு விட்டுட்டேன். அன்னைக்கு வாசல்ல நீங்களும்தான் தலையாட்டினீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு தமிழச்சியே சொல்லிவிட்டாள் என்பதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்காகப் பேச அங்கே யார் இருந்தார்கள்?

பட்டியல் அனுப்பப் பத்து நாள் இருந்தது. மறு பரீட்சை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மற்ற ஆசிரியர்களை நான் தொந்தரவு செய்ய முடியாது, எல்லாப் பாடத்துக்கும் வினாத்தாள் நீங்களே தயார் செய்து, நீங்களே நடத்தி, நீங்களே திருத்துங்கள் என்றார். சரி என்றேன். கணக்கு டீச்சர் வரலாற்றுக்கு வினாத்தாள் தயாரித்தால் எப்படி இருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். சம்ஸ்கிருத மாஸ்டர் கேட்காமலே வந்து இரண்டு நாள் மேற்பார்வைக்கு நின்றார். நஞ்சன்கூட்டு ஆலையிலிருந்து களைத்து வந்த என் வீட்டுக்காரர் ஸ்டென்சில் தாள்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே, "இனிமேலாவது என்னைக் கன்னடத்துல திட்டு, சாரத்துல ஆள் நிக்கிறாங்க" என்றார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தேழு பேரும் பெரிய பரீட்சைக்குப் போனார்கள். எல்லோரும் தேறவில்லை. லேபையே பார்க்காதவர்களுக்கு அறிவியல் எங்கிருந்து வரும்? சாந்தி முதல் வகுப்பில் தேறினாள். குடும்பம் மங்களூர்ப் பக்கம் போனபோது அவள் மட்டும் மைசூரில் ஒரு ஹாஸ்டலில் தங்கி பி.யூ.சி. படித்தாள். முந்தின வருடம் என் அழகான கடிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போனவர்களை நான் திருப்பிக் கூப்பிடவில்லை. கூப்பிட நினைத்தபோது கொட்டகைகள் இருந்த இடத்தில் வீடுகள் இருந்தன. அவர்கள் கட்டிய வீடுகள்தான்.

கதவு

மறு பரீட்சையை அறிவித்த அந்தப் புதன்கிழமைதான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

சி பிரிவு நிறைந்திருந்தது. பெஞ்சுகளில் நான் எழுதிய எண்கள் பாவாடையிலும் டிரவுசரிலும் துடைபட்டுப் போயிருந்தன. ஊரிலிருந்து வந்தவர்களின் தலையில் புது எண்ணெய், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. நான் மேசையருகில் நின்று, மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் தமிழில் வாயைத் திறந்தேன்.

"பரீட்சைத் தேதிய நான்தான் தப்பாப் போட்டேன்" என்றேன்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. சாந்தி சட்டென்று எழுந்தாள். நேராகப் போய், வராந்தாப் பக்கம் திறந்திருந்த கதவைச் சத்தமில்லாமல் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இன்னொரு பெண் ஹெட்மாஸ்டர் அறையைப் பார்த்திருந்த ஜன்னலை மூடினாள். இரண்டு பேரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

"இப்பச் சொல்லுங்க மிஸ்" என்றாள் சாந்தி.

நான் போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். முதல் தடவை வரவில்லை, இரண்டாவது தடவை வந்தது. கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்து, வராந்தாவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி புதுத் தேதிகளைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். எண்கள் மட்டும் கன்னடத்திலேயே வந்தன. சாந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒவ்வொரு தேதியாக எழுதிக்கொண்டாள்.